பிஸ்கறோஸ் ஏரியும் ஒரு பறக்கும் படகும்

பிரான்ஸ் தேசத்தின் தென்மேற்குக் கரையிலே, அத்திலாந்திக் சமுத்திரத்திலிருந்து சில கிலோமீற்றர் உள்ளே தள்ளி, பிஸ்கறோஸ் என்றோர் ஊர் உண்டு. கோடை காலத்தில் உல்லாசப் பிரயாணிகள் அவ்வூரைக் கடந்து கடற்கரைக்கே விரைவர். ஊரின் அருகே பரந்து கிடக்கும் நன்னீர் ஏரிக்கு வருவோர் பாய்ப்படகு விடுவதற்கும் மீன் பிடிப்பதற்கும் நீராடுவதற்குமே வருகின்றனர். நான் அங்கு சென்றது வேறொன்றைத் தேடி.

'குட்டி இளவரசன்' என்ற கதையை வாசித்த மாணவர் பலர் நம்மிடையே இருப்பர். அதனை எழுதிய அந்துவான் து செந்த்-எக்சுபெரி ஒரு விமானி என்பதையும் அவர்கள் அறிவர். 1939-ஆம் ஆண்டு யூலை மாதம், உலக யுத்தம் மூளுவதற்கு ஏழு வாரங்களே இருந்தபோது, அவர் தம் உயிர் நண்பர் ஒருவருடன் நியூயோர்க்கிலிருந்து புறப்பட்டு, எங்கும் இறங்காமல் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து வந்து இறங்கிய இடம் இந்த ஏரியேயாகும். அவர்களைச் சுமந்து வந்தது ஒரு பறக்கும் படகு. அது பிறந்ததும் இந்த ஏரியிலேதான். அதன் கதை மனிதர் கதையைப் போன்றது. ஒரு முறை அது நீரில் மூழ்கி மீண்டும் எழுந்தது, மறுமுறை எழவில்லை.

மணலை வென்ற மரங்கள்

போர்தோ நகரிலிருந்து தென்மேற்கே செல்லும் ரயிலில் ஏறினால், சிறிது நேரத்துக்குள் திராட்சைத் தோட்டங்கள் மறைந்து, பைன் மரங்கள் தோன்றத் தொடங்கும். அதன் பின்னர் ஜன்னலுக்கு வெளியே வேறு காட்சியே இல்லை. நிலம் பலகைபோல மட்டமானது. மரங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. இயற்கை நட்ட காடு இத்தனை ஒழுங்காக இராது. ஆம், இது மனிதன் நட்ட காடு. லான்ட் எனப்படும் இப்பிரதேசத்தின் பைன் வனம் ஏறக்குறையப் பத்து லட்சம் ஹெக்டயர் பரப்புடையது. மேற்கு ஐரோப்பாவில் மனிதர் கையால் உண்டாக்கப்பட்ட காடுகளில் இதுவே பெரிது என்பர்.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் இங்கே காடு இல்லை. மழைக்காலத்தில் முழங்கால் அளவு நீர் தேங்கும் சதுப்பு நிலமும், ஆடு மேய்க்கும் புல்வெளியுமே இருந்தன. இடையர்கள் உயரமான மரக்கால்களைக் கட்டிக்கொண்டு நீரின்மேல் நடந்து மந்தைகளைக் காத்தனர். மேற்கேயோ, சமுத்திரக் காற்று மணலை அள்ளி வந்து குன்றுகளாகக் குவித்தது. அந்தக் குன்றுகள் ஆண்டுதோறும் நகர்ந்து வயல்களையும் வீடுகளையும் விழுங்கின. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் புல்லும் பைன் மரமும் நட்டு மணலைக் கட்டத் தொடங்கினர். 1857-இல் மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில் பிறந்த ஒரு சட்டம், சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டி மரம் நடுமாறு ஊர்ச்சபைகளைப் பணித்தது. சதுப்பு வற்றியது, காடு எழுந்தது, மரக்கால் இடையர்கள் மறைந்தனர். பின்னர் நெடுங்காலம் இவ்வூர்மக்கள் பைன் மரத்தின் பட்டையைச் சீவி, சிறு மட்பாத்திரம் கட்டிப் பிசின் எடுத்துச் சீவனம் நடத்தினர்.

ஏரிகளின் பிறப்புக்கும் அம்மணற் குன்றுகளே காரணம். கிழக்கிலிருந்து கடலை நோக்கி ஓடிவந்த சிற்றாறுகளைக் குன்றுகள் மறித்தன. போக வழியின்றி நீர் தேங்கியது. அவ்வாறு பிறந்த ஏரிகள் கரையோரமாக ஒன்றன்பின் ஒன்றாக மணிமாலைபோலக் கிடக்கின்றன. அவற்றுள் பிஸ்கறோஸ், பாரன்றி என்னும் இரண்டு ஊர்களின் பெயரையும் தாங்கிய ஏரி ஏறக்குறைய முப்பத்தைந்து சதுர கிலோமீற்றர் பரப்புடையது. மணற்குன்றும் பைன் மரமும் கடற்காற்றை ஓரளவு தடுத்துவிடுவதால், வெளியே சமுத்திரம் சீறும் நாளிலும் உள்ளே சிற்றலைகளே எழுகின்றன.

ஏரியைத் தேர்ந்தவர்

இந்த நீர்ப்பரப்பின் அருமையை உணர்ந்தவர் பியேர்-ஜோர்ஜ் லாத்தேகோயெர் என்ற கைத்தொழிலதிபர். முதலாம் உலக யுத்தம் முடிந்தபோது, துலூஸ் நகரில் விமானத் தொழிற்சாலை வைத்திருந்த அவர், கடிதங்களை விமானத்தில் ஏற்றி ஸ்பெயின், மொறொக்கோ வழியாக மேற்காபிரிக்காவிலுள்ள டக்கார் வரை கொண்டுசெல்லும் மார்க்கத்தைத் தொடங்கிவைத்தார். டக்காருக்கு அப்பால் சமுத்திரம், அதற்கப்பால் பிறேசில். சக்கரங்கொண்ட விமானம் நடுக்கடலில் பழுதடைந்தால் கதி என்ன? நீரில் மிதக்கும் விமானமாயின் உயிருக்கு ஒரு நம்பிக்கை உண்டு என்று அக்காலத்தார் எண்ணினர்.

இன்னொரு காரணமும் இருந்தது. பாரம் மிகுந்த விமானம் தரையைவிட்டு எழ நெடிய ஓடுபாதை வேண்டும். அன்றைய விமானத் தளங்கள் பெரும்பாலும் புல்தரைகளே. ஏரியோ, கடலோ, கிலோமீற்றர்க் கணக்கில் நீண்ட பாதையைச் செலவின்றித் தருகிறது. ஆகவே 1930-ஆம் ஆண்டளவில் லாத்தேகோயெர் பிஸ்கறோஸ் ஏரிக்கரையில் கொட்டகைகளை அமைத்தார். துலூஸில் செய்யப்பட்ட உறுப்புகள் லொறிகளில் பைன் காட்டினூடே வந்து சேரும். இங்கே அவற்றைப் பூட்டி, விமானத்தைச் சரிவுத்தளத்தின் வழியே நீருக்குள் இறக்கிப் பரிசோதிப்பர். ஆடும் பிசினும் அன்றி வேறறியாத ஊரிலே, பொறியியலாளரும் விமானிகளும் கடற்படை அதிகாரிகளும் வந்து குடியேறினர்.

எழுபத்திரண்டு பேருக்கு ஒரு வீடு

1935-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 10-ஆம் தேதி, இந்த ஏரியிலிருந்து லாத்தேகோயெர் 521 என்னும் பறக்கும் படகு முதன்முறையாக வானில் எழுந்தது. அதன் இறக்கை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை 49 மீற்றர். உடலின் நீளம் 31 மீற்றருக்கும் அதிகம். இன்றைய நடுத்தர ஜெட் விமானங்கள் பலவற்றினும் அகன்ற இறக்கை அது. முழுப்பாரத்துடன் ஏறக்குறைய 37 தொன் நிறை. ஆறு பொறிகள், ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு சிலிண்டர்கள். நான்கு பொறிகள் இரண்டிரண்டாக முதுகோடு முதுகாகப் பொருத்தப்பட்டன. முன்னுள்ளது இழுக்கும், பின்னுள்ளது தள்ளும். எஞ்சிய இரண்டும் வெளிப்புறத்தில் தனித்தனியே நின்றன.

உள்ளே இரண்டு தட்டுகள் இருந்தன. கீழ்த்தட்டில் இருபது சாய்கதிரைகளும் மேசைகளும் கொண்ட கூடம். இருவர் வீதம் தங்கத்தக்க ஆறு அறைகள், ஒவ்வொன்றுக்கும் தனிக் குளியலறை. மேலும் இருபத்திரண்டு பேருக்கு ஆசனங்கள். சமையலறை, பானசாலை, பொதிகள் வைக்கும் இடம். மேல்தட்டில் இன்னும் பதினெட்டுப் பேருக்கு இடம். பொறிகளைக் கவனிப்போருக்கு ஒரு பணியறை. கூட்டிப் பார்த்தால் எழுபத்திரண்டு பேர். ஆனால் இவ்வளவு பேரும் மத்தியதரைக் கடல் போன்ற குறுகிய தூரத்துக்கே. அத்திலாந்திக்கைக் கடக்க வேண்டுமாயின் ஆட்களைக் குறைத்து எண்ணெயைக் கூட்ட வேண்டும்.

இத்தனை பாரம் நீரை விட்டு எழுவது எங்ஙனம் என்று மாணவ நண்பர்கள் வினவலாம். வழுவழுப்பான தட்டு ஒன்றை நீர்மேல் வைத்துத் தூக்கிப் பாருங்கள். நீர் அதனைப் பற்றிக்கொள்வதை உணர்வீர்கள். பறக்கும் படகின் அடிப்பாகத்தையும் நீர் அவ்வாறே பற்றுகிறது. இதற்காக அடிப்பாகத்தின் நடுவே ஒரு 'படி' வெட்டப்பட்டிருக்கும். வேகம் கூடியதும் முன்பாகம் உயர்ந்து, நீர் அந்தப் படியின் விளிம்பில் அறுபட்டுப் பிரிந்துவிடும். பின்பாகம் நீரினின்று விடுபடும். படகு தன் அடியின் சிறு பகுதியால் மட்டுமே நீரைத் தொட்டு வழுக்கி ஓடும். பின்னர் இறக்கை அதனைத் தூக்கிவிடும். நீர் கண்ணாடிபோல அசையாதிருந்தால் பற்று அதிகம். சிற்றலை இருந்தால் எளிதில் பிரியும். பேரலையானால் ஆபத்து. ஆகவே மிகுந்த அமைதியும் தீது, மிகுந்த கொந்தளிப்பும் தீது. நடுநிலையான நீரே நன்று. பிஸ்கறோஸ் ஏரி பெரும்பாலும் அத்தகையது.

பென்சக்கோலாவில் வீசிய புயல்

அந்தப் பறக்கும் படகுக்கு 'லியுத்னான் த வெஸோ பாரி' என்று பெயர் சூட்டினர். பாரி என்றதும் நமக்குப் பறம்புமலை வள்ளலே நினைவுக்கு வருவான். இந்தப் பாரி பிரெஞ்சுக் கடற்படையின் அதிகாரி; கடல் விமானத்தில் பல சாதனைகளை நிலைநாட்டியவர்; 1928-இல் பறக்கும் படகொன்றில் அத்திலாந்திக்கைக் கடக்க முயன்று அசோரெஸ் தீவுகள் வரை சென்றவர். பெயரின் முற்பகுதி அவர் வகித்த கடற்படைப் பதவியைக் குறிக்கும். பிரயாணிகளை ஏற்றுதற்கென்று கட்டப்பட்ட விமானத்துக்குக் கடற்படை வீரரின் பெயர். பிற்காலத்தில் நேரப்போவதற்கு இது ஒரு முன்னறிவிப்புப் போலாயிற்று.

1935 டிசெம்பரில் 'பாரி' தன் முதல் நெடும்பயணத்தைத் தொடங்கியது. மேற்கிந்தியத் தீவுகளில் பிரெஞ்சுக்காரர் குடியேறிய முந்நூறாவது ஆண்டு நிறைவு அப்போது கொண்டாடப்பட்டது. கடற்படை அதிகாரியான பொன்னோ தலைமை தாங்க, டக்கார் வழியாகப் பிறேசிலுக்கும், அங்கிருந்து மார்த்தினீக் தீவுக்கும் அது பறந்து சென்றது. செல்லுமிடமெல்லாம் மக்கள் திரண்டு வந்து அதனைக் கண்டு அதிசயித்தனர். 1936 ஜனவரியில் அமெரிக்காவின் புளோரிடாப் பகுதியிலுள்ள பென்சக்கோலாத் துறைமுகத்தில் அது நங்கூரமிட்டிருந்தபோது, கடும் புயல் அடித்தது. அத்திலாந்திக்கின் நெடும்பரப்பைத் தாண்டி வந்த விமானம் துறைமுகத்தினுள்ளேயே மூழ்கிப்போயிற்று.

கடல் விமானத்தின் பலமும் பலவீனமும் இந்த ஒரு நிகழ்ச்சியில் அடங்கியுள்ளன. நீர் அதற்கு ஓடுபாதை. அந்த நீரே அதற்குப் பகை. தரை விமானத்தைக் கொட்டகையில் பூட்டி வைத்துவிட்டு விமானி உறங்கப் போகலாம். பெரிய பறக்கும் படகோ வந்திறங்கிய துறையில் நீரிலேயே கிடக்க வேண்டும். வானில் பறக்கும்போது மட்டுமன்றி, ஓய்ந்திருக்கும்போதும் அதற்கு ஆபத்து உண்டு.

மீண்டும் எழுந்த பறவை

மூழ்கியதை அப்படியே கைவிட்டிருக்கலாம். ஆனால் கைவிடவில்லை. உடலை நீரிலிருந்து மீட்டு, பகுதி பகுதியாகக் கழற்றி, கப்பலேற்றிப் பிரான்ஸுக்குக் கொண்டுவந்தனர். 1937-இல் 'பாரி' மீண்டும் பறந்தது. இம்முறை அதனைச் செலுத்த வந்தவர் ஹன்றி கியோமே.

கியோமேயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது மேலே செல்லலாகாது. தென்னமெரிக்காவில் தபால் விமானியாகப் பணிபுரிந்தபோது, 1930 யூன் மாதத்தில், அந்தீஸ் மலைத்தொடரில் பனிப்புயலில் சிக்கி ஓர் உறைபனி ஏரியருகே இறங்க நேர்ந்தது. அது அங்கே நடுக் குளிர்காலம். விமானத்தின் கீழ் ஒடுங்கிப் புயல் தணியும் வரை காத்திருந்தார். பின்னர் ஐந்து நாட்கள் பனிமலைகளின்மேல் நடந்தார். உறங்கினால் மரணம் என்று அறிந்து, உறங்காது நடந்து, மனித வாடை உள்ள இடத்தை அடைந்தார். தேடிச் சென்ற நண்பர்களுள் ஒருவர் செந்த்-எக்சுபெரி. 1939-இல் வெளிவந்த தமது புகழ்பெற்ற நூலை அவர் கியோமேக்கே சமர்ப்பித்தார்.

அத்தகைய மனிதரின் கையில் 'பாரி' அடங்கிப் பறந்தது. 1937 ஒக்டோபரில் மொறொக்கோவின் போர்-லியோத்தே துறையிலிருந்து புறப்பட்டு, எங்கும் இறங்காமல், பிறேசிலின் மசேயோ வரை 5,771 கிலோமீற்றர் பறந்து, கடல் விமானங்களுக்கான நேர்கோட்டுத் தூரச் சாதனையை நிலைநாட்டியது. அவ்வாண்டு டிசெம்பரில் பாரம் தூக்குவதிலும் சாதனைகள் புரிந்தது. 18 தொன் பாரத்துடன் 2,000 மீற்றர் உயரம் ஏறிற்று. முன்பு நீரில் மூழ்கி எடுக்கப்பட்ட விமானமா இது என்று கண்டோர் வியந்திருப்பர்.

இரு நண்பர்கள்

1938 ஓகஸ்டில் கியோமே பிஸ்கறோஸிலிருந்து லிஸ்பன், அசோரெஸ் வழியாக நியூயோர்க்குக்குப் பறந்தார். இது பிரயாணிச் சேவையன்று. மார்க்கத்தை அறியும் சோதனைப் பயணம். வட அத்திலாந்திக்கில் முதலிடம் பெற ஆங்கிலேயரும் அமெரிக்கரும் ஜெர்மனியரும் போட்டியிட்ட காலம் அது. 1939 யூனின் இறுதியில் அமெரிக்கப் பறக்கும் படகொன்று கட்டணம் செலுத்திய பிரயாணிகளுடன் மார்செய் துறையில் வந்திறங்கியது. போட்டியில் பிரெஞ்சுக்காரர் பின்தங்கிவிட்டனர் என்பது தெளிவாயிற்று.

எனினும் 'பாரி' தன் சோதனைகளைத் தொடர்ந்தது. 1939 யூலை 7-ஆம் தேதி அது இந்த ஏரியிலிருந்து நியூயோர்க் நோக்கி எழுந்தபோது, கியோமேயின் அழைப்பை ஏற்று செந்த்-எக்சுபெரியும் உடன் சென்றார். கடல் விமானத்தை நம்புவதற்கு அவருக்குக் காரணம் குறைவு. 1933 டிசெம்பரில், லாத்தேகோயெர் தொழிற்சாலையின் சோதனை விமானியாக, கடற்படைக்கென்று அமைத்த 293 என்னும் மிதவை விமானத்தை சென்-ரஃபாயெல் குடாவில் இறக்கியபோது, அது நீரில் குப்புறக் கவிழ்ந்தது. நீர் நிறைந்த கூண்டுக்குள் அகப்பட்டு, மேலே எஞ்சிய சிறிதளவு காற்றைச் சுவாசித்து, அரும்பாடுபட்டு உயிர்தப்பினார். ஐந்தரை ஆண்டுகளின் பின் மீண்டும் அவர் நீரினின்று எழும் விமானத்தில் ஏறினார் என்றால், அது நண்பர் மேல் கொண்ட நம்பிக்கையினாலேயாகும்.

திரும்பும் பயணம் யூலை 14-ஆம் தேதி, பிரான்ஸின் தேசிய தினத்தன்று தொடங்கியது. வட அத்திலாந்திக்கில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே வீசும். மேற்கே போகும்போது எதிர்க்காற்று எண்ணெயைக் குடித்துவிடுவதால் இடையில் தங்கித் தங்கியே போக வேண்டியிருந்தது. கிழக்கே வரும்போதோ காற்றே துணை. கியோமே எங்கும் இறங்காது நேரே வரத் துணிந்தார். ஓர் இரவும் இரண்டு பகல்களின் பகுதியுமாக 28 மணி 27 நிமிடம் பறந்து, பைன் மரங்களுக்கிடையே மின்னும் இந்த ஏரியில் 'பாரி' இறங்கியது.

போர்க்கோலம்

ஏழு வாரம் கழிந்தது. யுத்தம் மூண்டது. பிரயாணிகளுக்கெனச் செய்த சாய்கதிரைகளும் குளியலறைகளும் இனி எதற்கு? 'பாரி'யைக் கடற்படை பொறுப்பேற்று, பிறெஸ்ற் துறைமுகத்துக்கு எதிரே லான்வியோக் தளத்திலிருந்த தனது இ-6 என்னும் அணியில் சேர்த்துக்கொண்டது. அத்திலாந்திக்கின் மேல் நெடுநேரம் சுற்றிப் பகைவர் கப்பல்களைத் தேடுவதே அதன் புதிய பணி. நியூயோர்க்குக்கு வழி தேடிய கண்கள் அதே சமுத்திரத்தில் பகைவரைத் தேடின.

அங்கே அதன் உடன்பிறப்புகள் ஏற்கெனவே இருந்தன. 521-இன் அமைப்பைத் தழுவி, ஆரம்பத்திலேயே கடற்படைக்கென்று கட்டப்பட்ட 523 என்னும் மூன்று பறக்கும் படகுகள் அவை. அவற்றுக்குக் கூடங்களோ அறைகளோ இல்லை. குண்டுகளும் துப்பாக்கிகளுமே இருந்தன. ஆயினும் பெயர்கள் மட்டும் அழகியவை. அல்தாயிர், அல்கோல், அல்தெபரான் என மூன்றும் நட்சத்திரங்களின் பெயர்கள். கப்பலோட்டிகளுக்கு இரவில் வழிகாட்டும் நட்சத்திரங்களுள் சிலவற்றின் பெயரைக் கடற்படை தன் விமானங்களுக்கும் சூட்டியது. ஆனால் அந்த நட்சத்திரங்கள் நெடுநாள் ஒளிரவில்லை. அல்தாயிர் 1939-இலேயே கடலில் அழிந்தது. 1940 யூனில் ஜெர்மன் படைகள் பிறெஸ்றை நெருங்கியபோது, பகைவர் கையில் அகப்படாதவாறு அல்கோலைப் பிரெஞ்சுக்காரர் தாமே அழித்தனர். அல்தெபரான் ஆபிரிக்காவுக்குத் தப்பிச் சென்றது.

'பாரி'யும் தப்பிற்று. பிரான்ஸ் தோல்வியுற்றுப் போர்நிறுத்தம் ஏற்றபோது அது மொறொக்கோவின் போர்-லியோத்தேயை அடைந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் சாதனைப் பயணத்துக்குப் புறப்பட்ட அதே துறை. பின்னர் மார்செய் நகரருகேயுள்ள பெர் வாவிக்குக் கொண்டுவரப்பட்டு அங்கே ஓய்ந்து கிடந்தது.

பெர் வாவி விமான சரித்திரத்தில் தனிச்சிறப்புடையது. 1910 மார்ச் 28-ஆம் தேதி, ஹன்றி ஃபாப்ர் என்ற பிரெஞ்சுக்காரர், மூன்று மிதவைகள் பூட்டிய விமானத்தில் அந்த நீரிலிருந்து எழுந்து சுமார் அரைக் கிலோமீற்றர் பறந்தார். நீரினின்று தன் பொறியின் வலுவால் எழுந்த உலகின் முதல் விமானம் அதுவே. 34 ஆண்டுகள் கழிந்து, 1944 ஓகஸ்டில், நேச நாட்டுப் படைகள் பிரான்ஸின் தென்கரையில் இறங்கியபோது, பின்வாங்கிய ஜெர்மன் படையினர் அதே வாவியில் கிடந்த 'பாரி'யை அழித்துச் சென்றனர். கடல் விமானம் பிறந்த நீரிலேயே அந்தப் பெரும் பறவையின் ஆயுளும் முடிந்தது.

அக்காலத்து விமானிகள் சிலரும் அதற்குமுன் மறைந்துவிட்டனர். தென் அத்திலாந்திக்கைத் தபாலுடன் முதலில் கடந்த மெர்மோஸ், லாத்தேகோயெர் பறக்கும் படகு ஒன்றில் நால்வர் துணையுடன் 1936 டிசெம்பர் 7-ஆம் தேதி டக்காரிலிருந்து புறப்பட்டவர் திரும்பவில்லை. அந்தீஸின் பனியை வென்ற கியோமே, 1940 நவம்பர் 27-ஆம் தேதி மத்தியதரைக் கடலின் மேல் சுட்டு வீழ்த்தப்பட்டார். அவர் அன்று செலுத்தியது தரை விமானம். செந்த்-எக்சுபெரி 1944 யூலை 31-ஆம் தேதி கோர்சிக்காத் தீவிலிருந்து வேவு பார்க்கப் பறந்தவர் மீளவில்லை. 'பாரி' அழிந்தது அதற்கு அடுத்த மாதம். 1939 யூலையில் இந்த ஏரியில் இறங்கிய அந்த நண்பர்கள் இருவரும் விமானமும் ஐந்தே ஆண்டுகளில் இல்லாமற் போயினர்.

வெறுமையான ஏரி

யுத்தத்தின் பின் பிஸ்கறோஸுக்கு இன்னொரு வசந்தம் வந்தது. 'பாரி'யிலும் பெரியதான லாத்தேகோயெர் 631 என்னும் பறக்கும் படகுகள் 1947-இல் இங்கிருந்து மார்த்தினீக் தீவுக்குப் பிரயாணிகளை ஏற்றிச் சென்றன. அந்த வசந்தம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1948 ஓகஸ்ட் முதலாம் தேதி ஒரு விமானம் ஐம்பத்திரண்டு உயிர்களுடன் சமுத்திரத்தில் மறைந்தது. சேவை நின்றது.

விபத்துக்கள் நேராதிருந்தாலும் பறக்கும் படகுகள் நீடித்திருக்குமா என்பது ஐயமே. யுத்தகாலத்தில் உலகமெங்கும் குண்டு விமானங்களுக்கென நீண்ட கொங்கிறீட் ஓடுபாதைகள் அமைக்கப்பட்டன. தரை விமானங்களின் பொறிகளும் நம்பத்தக்கவையாயின. இலேசான உடலும் உள்ளே மடங்கும் சக்கரமும் கொண்டவை விரைந்து பறந்தன. படகின் கனத்த அடிப்பாகத்தை வானில் சுமந்து செல்வது வீண்பாரம் ஆயிற்று. நீர் தந்த இலவசப் பாதையை இனி எவரும் வேண்டவில்லை.

ஏரியின் வாழ்வும் மாறிவிட்டது. 1954-இல் பாரன்றி ஊருக்கருகே பூமியின் கீழ் எண்ணெய் கண்டெடுக்கப்பட்டது. ஏரி நீரின் நடுவிலும் எண்ணெய்க் கிணறுகள் தோன்றின. 1960-களின் தொடக்கத்தில் கடலோர மணற்குன்றுகளிடையே ஏவுகணைச் சோதனைத் தளம் அமைந்தது. பழைய விமானத் தளம் இருந்த கரையில் 1982-ஆம் ஆண்டு தொட்டு ஒரு நூதனசாலை இருக்கிறது. கடல் விமானங்களின் சரித்திரமே அங்கு பொருள். படங்களும், சிற்றுருவங்களும், பொறிகளும், பழைய உறுப்புகளும் வைக்கப்பட்டுள்ளன. 'பாரி'யையோ நட்சத்திரப் பெயர் தாங்கிய அதன் தம்பிமாரையோ முழுமையாகக் காண வழியில்லை. எஞ்சியவை படங்களும் சிற்றுருவங்களும் ஏட்டுக் குறிப்புகளுமே.

நான் சென்ற அன்று, ஓர் ஆசிரியை பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வந்திருந்தார். சிற்றுருவம் ஒன்றைச் சுற்றி நின்ற பிள்ளைகளில் ஒரு சிறுவன், "இத்தனை பெரிய விமானத்துக்குச் சக்கரம் எங்கே?" என்று கேட்டான். ஆசிரியை பதில் கூறாது, ஜன்னலுக்கு வெளியே ஏரியைக் கையால் சுட்டிக்காட்டினார். சிறுவன் சிறிது நேரம் ஏரியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

வெளியே வந்து சரிவுத்தளத்தின் அருகே நின்றேன். இரண்டாண்டுக்கொரு முறை உலகின் பல பாகங்களிலிருந்தும் கடல் விமானங்கள் இங்கே கூடும் விழா நடைபெறுவதுண்டு. அப்போது சில நாட்களுக்கு ஏரி பழைய ஆரவாரத்தை மீண்டும் கேட்கும். அன்றோ, இரண்டு பாய்ப்படகுகள் மட்டும் மெல்லச் சென்றுகொண்டிருந்தன. மேற்கே பைன் மரங்களின் உச்சியில் கடற்காற்று சலசலத்தது. கீழே நீரில் சிற்றலைகள். மிகுந்த அமைதியுமில்லை, கொந்தளிப்புமில்லை. ஒரு பறக்கும் படகு எழுவதற்கு அதைவிட ஏற்ற நீர் இராது.